ஒரே நாள், மூன்று பெயர்கள்

1971 டிசம்பர் 16, டாக்காவின் ரமணா குதிரைப் பந்தயத் திடல். ஒரு சிறிய மேசை, அதன் மேல் ஒரு தாள். பாகிஸ்தான் ராணுவத்தின் கிழக்குப் பிரிவுத் தலைவர் நியாசி அதில் கையெழுத்திடுகிறார். பக்கத்தில் இந்தியப் படையின் ஜக்ஜித் சிங் அரோரா உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஒன்று நடந்ததை மூன்று நாடுகளில் எந்த நாடும் மறுப்பதில்லை. புகைப்படமே இருக்கிறது.

ஆனால் அன்று நடந்ததற்குப் பெயர் என்ன என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். இந்தியாவில் அது 1971 இந்திய-பாகிஸ்தான் போர். டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் முடிந்த, இரண்டு வாரம்கூட நிறையாத போர். வங்கதேசத்தில் அது முக்திஜுத்தோ, விடுதலைப் போர். அங்கே கணக்கு மார்ச் 26-இல் தொடங்குகிறது, ஒன்பது மாதம். பாகிஸ்தானில் உருதுவில் ‘சுகூத்-ஏ-டாக்கா’ என்பார்கள், டாக்காவின் வீழ்ச்சி.

மூன்றில் எதுவும் பொய் இல்லை. அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மரம் விழுந்தது என்று ஒருவர் சொன்னால், வெட்டியது யார் என்ற கேள்வி நமக்குச் சட்டென்று எழுவதில்லை. ‘வீழ்ச்சி’ என்ற சொல்லும் அப்படித்தான். ஒரு நகரம் விழுந்தது, ஒரு நாடு உடைந்தது, துக்கம் நேர்ந்தது. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் அந்த மண்ணின் மக்களுக்கு என்ன செய்யப்பட்டது என்பதைச் சொல்ல அந்தச் சொல்லுக்குள் இடமே இல்லை. இந்தியப் பெயரிலும் ஒரு மறைப்பு இருக்கிறது. இரண்டு நாடுகளின் பெயரை மட்டும் வைத்துப் போரைக் குறித்தால், யாருடைய நாட்டுக்காகப் போர் நடந்ததோ அவர்கள் பெயரிலேயே இல்லை. இந்தியா அந்த நாளை ‘விஜய் திவஸ்’ என்கிறது, வங்கதேசம் ‘பிஜொய் திபோஷ்’ என்கிறது. இரண்டும் ஒரே சமஸ்கிருதச் சொல்லின் இரு உச்சரிப்புகள். வெற்றி யாருடையது என்பதில்தான் மனத்தாங்கல்.

அந்தத் தாளிலேயே இன்னொன்றும் உண்டு. சரணடையும் படைகள் எங்கே இருக்கின்றன என்று குறிக்கும் இடத்தில் ‘பங்களா தேஷ்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. ‘கிழக்குப் பாகிஸ்தான்’ என்று இல்லை. வங்கதேசத்தைப் பாகிஸ்தான் அங்கீகரித்தது 1974 பிப்ரவரியில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயருக்குக் கீழே பாகிஸ்தான் தளபதியின் கையெழுத்து விழுந்துவிட்டது.

வரலாற்றுச் சண்டைகளை நாம் பெரும்பாலும் உண்மைக்கும் பொய்க்கும் இடையிலான சண்டையாகவே நினைத்துக்கொள்கிறோம். ஒரு தரப்பு ஆதாரத்தை மறைக்கிறது, இன்னொரு தரப்பு வெளியே கொண்டுவருகிறது என்று. அப்படியும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தேதி, இடம், ஆட்கள் எல்லாவற்றையும் இருவரும் ஒப்புக்கொண்ட பிறகும் சண்டை ஓய்வதில்லை. மிச்சமிருப்பது பெயர். செய்தவர் யார், கதை எங்கே தொடங்குகிறது, யாருக்கு யார் என்ன கடன்பட்டிருக்கிறார் என்ற மூன்றையும் அந்தப் பெயரே தீர்மானித்துவிடுகிறது.

இதை மிக நுணுக்கமாகச் செய்துகாட்டிய நாடு ஜப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1910-இல் கொரியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது அந்தச் செயலுக்கு ஜப்பான் வைத்த பெயர் ‘ஹெய்கோ’. அதைத் தேர்ந்தெடுத்தவர் வெளியுறவுத் துறை அதிகாரி குராச்சி தெத்சுகிச்சி. அவரே அதை எழுதியும் வைத்திருக்கிறார். கொரியா என்ற நாடு முழுதாக இல்லாமல் போய் ஜப்பானின் பகுதியாகிவிடும் என்பது சொல்லில் தெளிவாக இருக்க வேண்டும், ஆனால் தொனி கடுமையாக இருக்கக் கூடாது. ‘விழுங்குதல்’ என்று பொருள் தரும் சொல் வேண்டாம். இரு நாடுகள் சமமாக இணைவதாகக் காட்டும் சொல்லும் வேண்டாம். அதிகம் புழங்காத ஒரு சொல்லைத் தேடி எடுத்தார். ஒரு நாட்டை இல்லாமலாக்கும் வேலையில், எந்தச் சொல் காதில் உறுத்தாது என்று ஒருவர் மேசையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். கொரியர்கள் அந்த ஆண்டை நாட்டின் அவமானம் என்று குறிக்கிறார்கள். 1905-இல் தங்கள் வெளியுறவு உரிமையைப் பறித்த ஒப்பந்தத்தை இன்று தென்கொரியாவில் ஒப்பந்தம் என்று எழுதுவதுகூட அரிது. ‘நுக்யாக்’, அதாவது மிரட்டி வாங்கிய உடன்படிக்கை, என்றே எழுதுகிறார்கள்.

1937 ஜூலையில் பெய்ஜிங் அருகே தொடங்கிய சண்டை சீனா முழுதும் பரவியது. அதற்கு ஜப்பான் வைத்த பெயர் ‘சீன நிகழ்வு’. போர் என்று சொல்லவில்லை. போர்ப் பிரகடனமும் செய்யவில்லை. சீனாவும் 1941 டிசம்பர் வரை செய்யவில்லை. இதில் நடைமுறைக் காரணம் ஒன்றும் இருந்தது. போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்க அமெரிக்காவின் நடுநிலைச் சட்டம் தடை போட்டிருந்தது. போர் என்று பெயர் வைத்தால் வரத்து நின்றுவிடும். லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த ஒன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் ‘நிகழ்வு’ ஆகவே இருந்தது.

1945 ஆகஸ்ட் 15-இல் வானொலியில் பேசிய பேரரசர் ஹிரோஹிதோ, ‘சரணடைதல்’ என்ற சொல்லை எங்கும் பயன்படுத்தவில்லை. நேச நாடுகளின் கூட்டறிக்கையை ஏற்பதாகச் சொன்னார். போர்நிலை நமக்குச் சாதகமாகத்தான் திரும்பியது என்று சொல்வதற்கில்லை என்ற பொருளில் ஒரு வரியும் சொன்னார். ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து சில நாள்களே ஆகியிருந்தன. இன்றும் ஜப்பானில் அந்த நாளைப் பெரும்பாலோர் ‘ஷூசென்’ என்கிறார்கள், போர் முடிவு. ‘ஹாய்சென்’, தோல்வி, என்று பிடிவாதமாக எழுதுகிறவர்களும் அங்கே உண்டு. அந்தச் சொல்லைத் தேர்ந்தாலே அவர்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கடலுக்கு அப்பால் கொரியாவில் அதே ஆகஸ்ட் 15 ‘குவாங்பொக்ஜொல்’, ஒளி மீண்ட நாள்.

பாடநூல் தகராறுதான் இதில் உலகம் அறிந்தது. 1982 ஜூனில் ஜப்பான் நாளிதழ்கள் ஒரு செய்தி வெளியிட்டன. சீனாவில் ஜப்பான் படைகள் செய்ததை ‘ஷின்ரியாகு’ என்று எழுதியிருந்த பாடநூலை, கல்வி அமைச்சகம் ‘ஷின்ஷுட்சு’ என்று மாற்றவைத்தது என்பதே அது. இரண்டு சொற்களும் ‘ஷின்’ என்றே தொடங்குகின்றன, ஆனால் எழுத்து வேறு. முதல் சொல்லில் மீறி நுழைவதும் பறிப்பதும் இருக்கின்றன. இரண்டாவதில் முன்னே செல்வதும் வெளியே போவதும் மட்டும். ஒரு நிறுவனம் வெளிநாட்டுச் சந்தையில் கால்பதிப்பதற்கும் ஜப்பானியர்கள் அந்த இரண்டாவது சொல்லைத்தான் சொல்கிறார்கள். சீனாவும் தென்கொரியாவும் கொதித்தன. அந்த ஆண்டுப் பாடநூல்களில் குறிப்பிட்ட அந்த மாற்றம் நடக்கவில்லை, செய்தி பிழை என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் ‘ஷின்ரியாகு’ என்ற சொல்லைத் தணிக்கும்படி அமைச்சகம் முந்தைய ஆண்டுகளில் யோசனை சொல்லிவந்தது உண்மை. அதனால் செய்தி பிழையானாலும் புண்பட்ட மனம் பிழையாகிவிடவில்லை. அந்த நவம்பரில், அண்டை நாடுகளோடு தொடர்புள்ள நிகழ்வுகளை எழுதும்போது பன்னாட்டுப் புரிதலையும் ஒத்துழைப்பையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற விதியைப் பாடநூல் நெறிமுறையில் சேர்த்தார்கள்.

சீனாவின் பக்கம் கடிகாரத்தைத் திருத்தினார்கள். ஜப்பானை எதிர்த்த போர் எட்டாண்டுப் போர் என்றுதான் சீனப் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 1937 முதல் 1945 வரை. 2017-இல் அது பதினான்காண்டுப் போராக மாறியது. மஞ்சூரியாவை ஜப்பான் பிடித்த 1931-இலிருந்து எண்ண வேண்டும் என்று உத்தரவு. எண்ணை மாற்றியது சொல்லை மாற்றியதற்குச் சமம். ரஷ்யாவின் ‘மாபெரும் தாய்நாட்டுப் போர்’ என்ற பெயரையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். அது 1941 ஜூன் 22-இல், ஜெர்மனி தாக்கிய நாளில் தொடங்குகிறது. 1939 செப்டம்பரில் சோவியத் படைகள் கிழக்குப் போலந்துக்குள் போனதும், 1940-இல் பால்டிக் நாடுகளைச் சேர்த்துக்கொண்டதும் அந்தப் பெயருக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இரண்டரைக் கோடிக்கும் மேலான தன் மக்களை இழந்த ஒரு நாட்டின் துயரம் அந்தப் பெயரில் இருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் எஸ்தோனியாவிலோ போலந்திலோ பிறந்தவருக்கு அந்தக் கடிகாரம் இரண்டு ஆண்டு தாமதமாக ஓடுகிறது. உக்ரைன் 2015-இல் சட்டம் போட்டே ‘தாய்நாட்டுப் போர்’ என்பதை விட்டுவிட்டு, ‘இரண்டாம் உலகப் போர், 1939–1945’ என்று எழுதத் தொடங்கியது.

நெதர்லாந்தும் இந்தோனேசியாவும் இந்த விஷயத்தில் அருகிருந்து பார்க்கத் தக்கவை. 1945 ஆகஸ்ட் 17-இல் சுகர்னோவும் ஹத்தாவும் விடுதலையை அறிவித்தார்கள். நெதர்லாந்து அதை ஏற்கவில்லை. 1947 ஜூலையிலும் 1948 டிசம்பரிலும் பெரும்படையோடு தாக்கியது. இந்த இரண்டு தாக்குதல்களுக்கும் டச்சு மொழியில் வைத்த பெயர் ‘பொலிட்டியோனெல ஆக்ஸிஸ்’, அதாவது காவல் நடவடிக்கைகள். காவல் துறை தன் சொந்த ஊருக்குள்தான் போகும். ஆகவே அது உள்நாட்டு விவகாரம், எதிரில் இருப்பவர்கள் ஒரு நாட்டின் படை அல்ல, சட்டத்தை மீறியவர்கள்; உலகம் தலையிட இதில் ஒன்றுமில்லை. இத்தனையும் அந்த ஒரு பெயரில் அடங்கிவிட்டது. இந்தோனேசியாவில் அதன் பெயர் ‘அக்ரெசி மிலிட்டர் பெலண்டா’, டச்சு ராணுவ ஆக்கிரமிப்பு, முதலாவது, இரண்டாவது. ஐ.நா. பாதுகாப்பு அவை 1947 ஆகஸ்ட் 1-இல் சண்டையை நிறுத்தச் சொன்னது. காவல் நடவடிக்கை என்ற பெயர் அங்கே எடுபடவில்லை. முதல் தாக்குதலுக்கு ராணுவம் தனக்குள் வைத்திருந்த பெயரோ ‘புராடக்ட்’, விளைபொருள். தோட்டங்களையும் எண்ணெயையும் மீட்பதே நோக்கம். வெளியே சொன்ன பெயர் மறைத்ததை உள்ளே வைத்த பெயர் சொல்லிவிட்டது.

1949 டிசம்பர் 27-இல் கையெழுத்தானதற்கும் இரண்டு பெயர்கள். டச்சுக்காரர்களுக்கு அது ‘இறையாண்மை ஒப்படைப்பு’. இந்தோனேசியர்களுக்கு ‘இறையாண்மை அங்கீகாரம்’. ஒப்படைப்பு என்றால் அதுவரை பொருள் என் கையில் இருந்தது, நான் கொடுத்தேன். அங்கீகாரம் என்றால் அது ஏற்கெனவே உன்னுடையது, நான் இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே கிடக்கும் நான்கு ஆண்டுகளில்தான் உயிர்கள் போயின. 1947 டிசம்பர் 9-இல் மேற்கு ஜாவாவின் ராவகெடே கிராமத்து ஆண்களை டச்சுப் படை வரிசையாக நிறுத்திச் சுட்டது. ‘ஒப்படைப்பு’ என்ற டச்சுக் கணக்கையே எடுத்துக்கொண்டால், சுடப்பட்டவர்கள் அன்று நெதர்லாந்து ஆட்சியின் குடிமக்கள். அரசு தன் குடிகளையே விசாரணையில்லாமல் கொன்றிருக்கிறது. ‘அங்கீகாரம்’ என்பதை எடுத்துக்கொண்டால், ஓர் அயல்நாட்டுப் படை வந்து கொன்றிருக்கிறது. எந்தச் சொல்லைப் பிடித்தாலும் தப்ப வழியில்லை. கைம்பெண்களுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று ஹேக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011-இல்.

நெதர்லாந்தின் சொற்கள் மெல்ல மெல்லத்தான் நகர்ந்தன. 1969-இல் அரசு வெளியிட்ட அறிக்கை ‘வரம்பு மீறல்கள்’ என்றது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்தவை என்ற தொனி அதில் இருந்தது. 2022 பிப்ரவரியில் டச்சு ஆய்வு நிறுவனங்கள் மூன்று சேர்ந்து வெளியிட்ட முடிவு, ‘மிகைவன்முறை’ பரவலாகவும் திட்டமிட்டும் கையாளப்பட்டது என்றது. அன்றே பிரதமர் ருட்டே மன்னிப்புக் கேட்டார். 1945 ஆகஸ்ட் 17-ஐ எந்த நிபந்தனையும் இன்றி விடுதலை நாளாக ஏற்பதாக அவர் சொன்னது 2023 ஜூனில்.

இதே 2022-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இந்தோனேசிய விடுதலை பற்றிய கண்காட்சி திறக்கும் முன் ஒரு சண்டை வந்தது. ‘பெர்சியாப்’ என்ற சொல்லைப் பற்றி. இந்தோனேசிய மொழியில் ‘தயாராகு’ என்று பொருள். 1945–46-இல் இளைஞர் படைகள் எழுப்பிய முழக்கம் அது. அந்த மாதங்களில் டச்சுக்காரர்கள், கலப்பினத்தவர்கள், சீனர்கள் என ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். டச்சு மொழியில் அந்தக் கொலைகளுக்கே அது பெயராகிவிட்டது. வன்முறை என்றாலே கொடிய உள்ளூர்வாசி என்ற இனவாதச் சித்திரத்தை அந்தச் சொல் கொண்டுவருகிறது, கண்காட்சியில் வேண்டாம் என்று இந்தோனேசிய வரலாற்றாளர் போனி திரியானா எழுதினார். கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளோ, எங்கள் துயரத்துக்கு இருக்கும் ஒரே பெயரையும் பிடுங்குகிறீர்கள் என்றார்கள். விளக்கத்தோடு பயன்படுத்துவோம் என்று அருங்காட்சியகம் முடிவெடுத்தது. இதில் ஒரு பக்கம் மட்டும் நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிரான்ஸ் அல்ஜீரியாவில் 1954 முதல் 1962 வரை நடத்தியதை ‘அல்ஜீரிய நிகழ்வுகள்’ என்றும் ஒழுங்கு காக்கும் பணி என்றும் சொல்லிவந்தது. அல்ஜீரியா பிரான்சின் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்த மண். தன் மாவட்டத்தோடு யார் போர் செய்வார்? ‘அல்ஜீரியப் போர்’ என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1999 அக்டோபரில். போர் முடிந்து 37 ஆண்டுகள் கழித்து அதற்குப் போர் என்ற பெயர் கிடைத்தது.

பெயருக்கும் கடனுக்கும் உள்ள உறவு வெட்டவெளிச்சமாகத் தெரிவது ‘இனப்படுகொலை’ என்ற சொல்லில்தான். இதன் ஆங்கில மூலச்சொல் 1944-இல் அச்சில் வந்தது. போலந்து யூதரான சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின், கிரேக்கச் சொல் ஒன்றையும் லத்தீன் ஈறு ஒன்றையும் இணைத்து அதைப் படைத்தார். நடந்ததைச் சொல்லச் சட்டத்தில் சொல் இல்லை என்பதால் படைத்தார். 1948 டிசம்பர் 9-இல் ஐ.நா. உடன்படிக்கையில் அது குற்றமாக வரையறுக்கப்பட்டது. ஓர் இனத்தையோ மதக் குழுவையோ முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் அந்த வரையறையின் மையம். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை விட, எந்த நோக்கத்தோடு கொன்றார்கள் என்பதே கேள்வி. அதனால்தான் 1915-இல் ஒட்டோமான் துருக்கியில் அர்மீனியர்கள் மடிந்ததைத் துருக்கி மறுப்பதில்லை, அந்தச் சொல்லைத்தான் மறுக்கிறது. துருக்கி அதை ‘தெஹ்ஜிர்’ என்கிறது, இடமாற்றம். அல்லது ‘1915 நிகழ்வுகள்’ என்கிறது. அர்மீனியர்களுக்கு ‘மெட்ஸ் யெகெர்ன்’ என்ற பழைய சொல் உண்டு, பெருங்கொடுமை என்று பொருள் கொள்ளலாம். ஒபாமா தம் எட்டு ஆண்டு ஆட்சியில், அர்மீனியர்களின் நினைவு நாளான ஏப்ரல் 24-இல் வெளியிட்ட அறிக்கைகளில் இந்த அர்மீனியச் சொல்லையே பயன்படுத்தினார். மரியாதைபோலத் தோன்றும். ஆனால் பாதிக்கப்பட்டவர்களின் சொந்தச் சொல்லே சட்டச் சொல்லைத் தவிர்க்க உதவும் மறைவிடம் ஆகிவிட்டது. 2021 ஏப்ரல் 24-இல் பைடன் சட்டச் சொல்லையே எழுதினார்.

அடுத்த மாதமே ஜெர்மனி, 1904 முதல் 1908 வரை இன்றைய நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்களை அழித்ததை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் முன்னால் இரண்டு சொற்களைச் சேர்த்தது: ‘இன்றைய பார்வையில்’. 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகவும் சொன்னது. அதை ‘இழப்பீடு’ என்று சொல்லாமல் தவிர்த்தது. குற்றத்தின் பெயரை ஏற்றுக்கொண்டு கடனின் பெயரை ஏற்காமல் விடும் வழி அது. ஹெரேரோ, நாமா தலைவர்கள் பலர் அந்த ஏற்பாட்டை நிராகரித்தார்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது தொலைதூர விஷயமில்லை. 1983 ஜூலையில் இலங்கையில் நடந்ததைத் ‘தமிழர்-சிங்களர் கலவரம்’ என்று தமிழிலேயே எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். கலவரம் என்றால் இரு தரப்பும் கைகலந்தார்கள் என்றுதானே பொருள்? வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்ததற்குக் கலவரம் என்ற சொல் எப்படிப் பொருந்தும்? அதை அனுபவித்தவர்கள் ‘கறுப்பு யூலை’ என்கிறார்கள். 2009-இல் இறுதிப் போரை இலங்கை அரசு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. தமிழர்கள் அதை ‘முள்ளிவாய்க்கால்’ என்ற ஊர்ப் பெயராலேயே சொல்கிறார்கள். ஓர் ஊரின் பெயர் ஒரு நிகழ்வின் பெயராகும்போது விளக்கம் தேவைப்படுவதில்லை, ஆனால் அந்த ஊரை அறியாத அயலாருக்கு அந்தப் பெயர் எதையும் சொல்வதுமில்லை.

பெயர்கள் வெளியிலிருந்து அழுத்தம் வந்தால்தான் மாறும் என்பதில்லை. 1985 மே 8-இல் மேற்கு ஜெர்மனிக் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் ஃபான் வைத்ஸேக்கர் நாடாளுமன்றத்தில் பேசினார். ஜெர்மனி சரணடைந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘சரிவு’, ‘சரணாகதி’ என்றெல்லாம் மேற்கு ஜெர்மானியர்கள் பலர் சொல்லிவந்த அந்த நாளை அவர் ‘விடுதலை நாள்’ என்றார். கிழக்கு ஜெர்மனியில் அது ஏற்கெனவே அரசின் சொல். ஆனால் ஹிட்லரின் படையில் பணியாற்றிய ஒருவர், மேற்கின் குடியரசுத் தலைவராக நின்று சொன்னது வேறு. கூடவே, 1945 மே 8-ஐ 1933 ஜனவரி 30-இலிருந்து பிரிக்கக் கூடாது என்றும் சொன்னார். அதாவது ஹிட்லர் ஆட்சிக்கு வந்த நாள். பெயரையும் மாற்றினார், கடிகாரத்தையும் பின்னுக்குத் திருப்பினார். இந்தச் சொல்லிலும் ஆபத்து இல்லாமலில்லை. எல்லோரும் விடுவிக்கப்பட்டவர்கள் என்றால் கொன்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கலாம். அந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதல் வாக்கியத்தை மட்டும் மேற்கோள் காட்டுவது அதனால்தான் எனக்கு நெருடுகிறது.

தமிழில் உலக வரலாறு எழுதும்போது இந்தப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வந்து சேர்கின்றன. ‘சைகோன் வீழ்ச்சி’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 ஏப்ரல் 30-க்கு அமெரிக்கா வைத்த பெயர் அது. வியட்நாமில் அது தென்பகுதி விடுதலை நாள். நாட்டை விட்டு ஓடி அமெரிக்காவில் குடியேறிய வியட்நாமியர்களுக்குக் கறுப்பு ஏப்ரல். ஒரு தமிழ்க் கட்டுரை யோசிக்காமல் ‘வீழ்ச்சி’ என்று எழுதினால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துவிட்டது. தேர்ந்தது எழுதியவருக்கே தெரியாது. நான் இப்போதெல்லாம் முதலில் வினையை எழுதிவிட்டு, பெயர்களை அதன் பின்னால் யார் யாருடையவை என்று சொல்லி வைக்கிறேன். ‘வட வியட்நாம் டாங்கிகள் அதிபர் மாளிகையின் வாயிற்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போயின; தென் வியட்நாம் அரசு சரணடைந்தது.’ இதற்குள்ளும் ‘உடைத்துக்கொண்டு’ என்பதா ‘கடந்து’ என்பதா என்று கை நிற்கத்தான் செய்கிறது. ஊரின் பெயரும் அடுத்த ஆண்டு மாறிவிட்டது. 1976-இலிருந்து அது ஹோ சி மின் நகரம். டாங்கிகள் நுழைந்த அன்று அது சைகோன். அதனால் சைகோன் என்றே எழுதுகிறேன்.